சுதந்திர ஸ்திரீகளின் சிகரெட்

என் அக்காவின் முகம் இரண்டு வருஷம் ரங்கூன் சுவர்களில் ஒட்டியிருந்தது. கியாக்டடாவில், சூலே பகோடாவைச் சுற்றி டிராம் திரும்புகிற இடத்தில், பர்மிய உடையில் கொண்டையில் பூவோடு இருந்தாள். தமிழர்கள் குடியிருந்த தெருக்களில் சேலை கட்டி, நெற்றியில் பொட்டோடு இருந்தாள். இரண்டு படத்திலும் முகம் ஒன்றுதான். விரல்களுக்கு நடுவில் புகைந்த சிகரெட்டும் ஒன்றுதான். அடியில் பர்மிய எழுத்திலும் தமிழிலும் ‘சுதந்திர ஸ்திரீகளின் சிகரெட்’ என்று அச்சிட்டிருந்தார்கள்.

எங்கள் அப்பா தமிழர். ஆற்றுக்கு அக்கரையில், தன்லியினில் இருந்த எண்ணெய் ஆலையில் ஃபிட்டர் வேலை. வாரமெல்லாம் அங்கே தங்கிவிட்டு சனிக்கிழமை சாயங்காலம் படகேறி வீட்டுக்கு வருவார். அம்மா பர்மாக்காரி. அவளை நாங்கள் பர்மிய வழக்கப்படி ‘அமே’ என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சுருட்டுக் கடைக்காக அமே வீட்டிலிருந்தே சுருட்டுச் சுற்றிக் கொடுத்தாள். சுற்றும்போது ஒன்று அவள் வாய் ஓரத்தில் புகைந்துகொண்டே இருக்கும். பர்மியப் பெண்கள் சுருட்டுப் பிடிப்பதை அந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடைத்தெருவில் மீன் விற்கிறவளும் பிடிப்பாள், கோயிலுக்குப் போகிற சீமாட்டியும் பிடிப்பாள். அப்பாவின் சொந்தக்காரர்கள் வரும் நாட்களில்கூட அமே அணைத்து வைக்கமாட்டாள். அவர்கள்தான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அப்பா அதற்காக அமேயை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் மகள்கள் இருவரும் அதைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாங்கள் தமிழ் வீடுகளில் வாழ்க்கைப்பட வேண்டியவர்கள்.

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்துவிட்டு, டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, இங்கிலாந்திலிருந்து சிகரெட் இறக்குமதி செய்த ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆபீஸ் கியாக்டடாவில். நான் அப்போது ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் இருவரும் ஒரே டிராமில்தான் போவோம். அவள் உட்காரும் விதமே சேர்ந்த ஒரு மாதத்தில் மாறிவிட்டது. ஜன்னலோரம் ஆண்கள் உட்கார்ந்திருந்தால், நகரச் சொல்லிவிட்டு உட்காருவாள்.

விற்பனையைக் கவனித்த துரை இளவயதுக்காரர், லண்டனிலிருந்து புதிதாக வந்தவர். ஒரு நாள் அவர் அக்காவை டைப்ரைட்டரிலிருந்து எழுப்பித் தன் அறைக்குக் கூட்டிப் போனாராம். அங்கே சீமைப் பத்திரிகைகளை விரித்துக் காட்டினாராம். மோட்டார் ஓட்டும் பெண், டென்னிஸ் மட்டையோடு ஒரு பெண், ஆகாய விமானத்தின் பக்கத்தில் ஒரு பெண், எல்லார் கையிலும் சிகரெட். உலகம் முழுக்கப் பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்கள் கையில் நம் சிகரெட் இருக்க வேண்டும், ரங்கூனில் அதை ஆரம்பித்து வைக்க உன்னைப் போன்ற ஒருத்தி வேண்டும் என்றாராம். பர்மியமும் தமிழும் இங்கிலீஷும் ஒரே வாயில் பேசுகிறவள் அந்த ஆபீஸில் அவள் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் அவள் சொன்னபோது அவள் கண்கள் எப்படி இருந்தன என்பது இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. விளம்பர வாசகங்களை அமேக்குப் பர்மியத்தில் படித்துக் காட்டினாள். இனி எவரையும் கேட்க வேண்டியதில்லை, உன் விருப்பம் உன் கையில் என்று அதில் இருந்தது. அமே வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டு யோசித்தாள்.

“நான் யாரக் கேட்டேன்?” என்றாள் தமிழில். “எங்கம்மா யாரக் கேட்டா?”

“ஒனக்கு இல்ல அமே. இங்க தமிழ்ப் பொம்பளைங்க அப்படி இல்லையே. அவங்களால முடியாதே.”

“அந்தப் பொம்பளைங்களுக்கு முடியாதது நெறைய இருக்கு. இதத்தான் மொதல்ல குடுக்கணுமா?”

அக்கா சிரித்துவிட்டு, உனக்கு இதெல்லாம் புரியாது என்றாள். பர்மியப் பெண்களுக்கு எழுதிய வாசகம் வேறு மாதிரி என்று பிறகு எனக்குக் காட்டினாள். அவர்களிடம் போய் உனக்குச் சுதந்திரம் தருகிறேன் என்றால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்பது துரைக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவர்களுக்குச் சுருட்டைக் கிழவிகளின் சாமானாக ஆக்கினார்கள். நாற்றமடிக்கும், உதட்டைக் கறுக்க வைக்கும், படித்த பெண் கையில் அது இருக்கலாமா என்று கேட்டார்கள். இல்லாத ஒரு வெட்கத்தை முதலில் உண்டாக்கிவிட்டு, அதைப் போக்கச் சிகரெட் கொடுத்தார்கள். அந்த வருஷமே சுருட்டுக் கடையிலிருந்து அமேக்கு வரும் இலைக்கட்டு குறைந்தது. இளம்பெண்கள் இப்போது வாங்குவதில்லை என்று கடைக்காரி சொன்னாள். காரணத்தை அமே அக்காவிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

அக்காவை ஸ்டூடியோவில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். அதைப் பார்த்து ஓவியர் வரைந்து, கல்கத்தாவில் அச்சாகி வந்தது. பிடிக்காமல் எப்படி விற்பது என்று துரை சொல்லி, அவளும் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. பிறகு பழகிவிட்டது. சம்பளத்தோடு மாதாமாதம் டின் டின்னாகச் சிகரெட்டும் கொடுத்தார்கள். ஆபீஸில் அக்காவின் வேலை மாறியது மட்டும்தான் அப்பாவுக்குத் தெரியும். படம் ஒட்டப் போகிறார்கள் என்பதை அவரிடம் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒட்டிய பிறகும், சனிக்கிழமை இருட்டி வந்து, ஞாயிறெல்லாம் வீட்டிலேயே கிடந்து, திங்கள் விடியுமுன் போகிறவர் கண்ணில் அது படவில்லை.

அக்காவுக்கு அப்போது ஒரு இடம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ரயில்வே ஆபீஸில் கிளார்க். தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் பெண்கல்வி பற்றியெல்லாம் பேசுகிறவர். படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அப்பா இல்லாத ஒரு நாளில் அவரே வீட்டுக்கு வந்தார். தனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை, காலம் மாறுகிறது, மாறத்தான் வேண்டும் என்றார். போகும்போது, அந்தச் சேலை கட்டின படத்தை மட்டும் ஒட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். பர்மியப் பெண்ணாக இருந்தால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்றார்.

மழை விட்டதும் அவளைத் தமிழர் தெருக்களுக்கு அனுப்பினார்கள். மத்தியானத்தில், ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் பேசி ஒரு சின்ன டின் இலவசமாகக் கொடுக்க வேண்டும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். சில பேர் கதவைச் சாத்தினார்கள். சில பேர் டின் அழகாக இருக்கிறது, ஊசி நூல் போட்டு வைக்கலாம் என்று வாங்கிக்கொண்டார்கள். ஒரு டிராம் கண்டக்டரின் மனைவி, சின்னப் பெண், ஊரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அக்காவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, எப்படிப் பற்றவைப்பது என்று கேட்டாளாம். இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து பிடித்தார்களாம். அவள் அத்தனை சிரித்தாள் என்று அக்கா என்னிடம் வந்து சொன்னாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அக்கா அந்தத் தெருப் பக்கம் போனபோது அந்தப் பெண்ணின் கையில் கட்டுப் போட்டிருந்தது. அரிசிப் பானைக்குள் இருந்த டின்னைக் கணவன் பார்த்துவிட்டான். விறகுக் கட்டையால் அடித்ததில் எலும்பு முறிந்துவிட்டது. அக்கா வாசலிலேயே நின்றாளாம். அந்தப் பெண்தான் பேசினாள்.

“ஒங்க கையில இருந்தா படம் வரைஞ்சு ஒட்டுறாங்க. என் கையில இருந்தா கைய ஒடைக்கிறாங்க. நான் ஒங்களத் தப்புச் சொல்லலக்கா.”

அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொன்னாள். மறுநாள் துரையிடமும் சொன்னாளாம். அவர் மிகவும் வருத்தப்பட்டாராம். நம் வேலை எத்தனை அவசியம் என்பது இதிலிருந்தே தெரிகிறது என்றாராம். அக்கா அதை நம்பினாள். நம்பவேண்டிய கட்டாயம் அவளுக்கு இருந்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்த நாட்களில் பர்மாவில் பெண்கள் ஓட்டுப் போடலாம், ஆனால் சட்டசபைக்குத் தேர்தலில் நிற்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. அதை மாற்றச் சொல்லி, படித்த பர்மியப் பெண்கள் ஊர்வலமும் கூட்டமும் ஏற்பாடு செய்தார்கள். தலைமை ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. அக்காவுக்கு அதில் உண்மையான ஆவல். லீவு கேட்கப் போனாள். துரை லீவு கொடுக்கவில்லை, லாரி கொடுத்தார்.

லாரி முழுக்கப் பூ கட்டி, கம்பெனிக் கொடி நட்டிருந்தார்கள். அக்காவோடு இன்னும் ஆறு பெண்கள், எல்லாருக்கும் தோளில் பட்டுப் பட்டை, அதில் ‘சுதந்திரம்’ என்று எழுத்து. நான் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போய்க் கூட்டத்தில் நின்றிருந்தேன். ஊர்வலத்தின் கடைசியில் லாரி வந்து சேர்ந்துகொண்டது. அக்கா நின்றபடி, தலையை நிமிர்த்திக்கொண்டு, கையில் புகையோடு வந்தாள். நடந்து வந்த பெண்களுக்கெல்லாம் மேலிருந்து சிகரெட் கொடுத்தார்கள். ஆண்கள் கைநீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஊர்வலம் கலைந்து லாரியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. பத்திரிகைப் படக்காரர்களைக் கம்பெனியே ஏற்பாடு செய்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

தலைமையாசிரியை அம்மையார் திரும்பி வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவரும் வீட்டில் சுருட்டுப் பிடிக்கிறவர்தான், ஊருக்கே தெரியும். லாரிக்குக் கீழே நின்று அக்காவைப் பார்த்துப் பர்மியத்தில் சொன்னார்: “மகளே, புகை பிடிக்க அனுமதி கேட்டு நாங்கள் ஊர்வலம் வரவில்லை.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பி முன்னால் போய்விட்டார். அக்காவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி அவர் பின்னால் போய்விடுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் டிரைவர் வண்டியை நகர்த்திவிட்டான். மறுநாள் பத்திரிகையில் லாரிப் படம்தான் பெரிதாக வந்தது. பெண்கள் என்ன கேட்டார்கள் என்பது எங்கோ கீழே நாலு வரியில் கிடந்தது.

அந்த வாரமே சேலை கட்டின படத்தைத் தன்லியின் படகுத்துறையில் ஒட்டினார்கள். எண்ணெய் ஆலையில் தமிழர்கள் அதிகம், அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்தத் துறையில்தான் ஏறி இறங்க வேண்டும். சனிக்கிழமை வேலை முடிந்து அப்பா படகுக்கு வந்தபோது, கூட வேலை செய்கிறவர்கள் படத்தைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். யாரோ எரிகிற பீடியைப் படத்தின் வாயில் அழுத்தி ஓட்டை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து இன்னொருவன் வேறு இடங்களில் அழுத்தியிருக்கிறான். அப்பா வந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு விலகி வழிவிட்டார்களாம். அவர் படகில் ஏறவில்லை. திரும்பி அறைக்கே போய்விட்டார்.

இதை எங்களுக்குச் சொன்னது அப்பாவோடு வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த சனிக்கிழமையும் அப்பா வரவில்லை. அமேதான் படகேறிப் போய்க் கூட்டி வந்தாள். வந்தவர் அக்காவை அடிக்கவோ திட்டவோ இல்லை. என்னிடம் தண்ணீர் கேட்பார், அமேயிடம் செலவுக்குக் கொடுப்பார், அக்கா இருக்கிற அறையில் இருக்கமாட்டார். அவள் ஒரு முறை அவர் காலடியில் உட்கார்ந்து, அப்பா, ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கெஞ்சினாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மாப்பிள்ளை வரவில்லை. அவருடைய மாமா வந்தார். நிச்சயத்துக்குக் கொடுத்த சேலையைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பையனுக்கு மனசில்லைதான், வீட்டுப் பெண்கள் சம்மதிக்கவில்லை என்றார். என் பள்ளிக்கூட நிர்வாகிகளும் என்னைக் கூப்பிட்டு, அது உன் கூடப்பிறந்தவள்தானா என்று விசாரித்தார்கள். ஆமாம் என்றேன். வேலையை விட்டு நிறுத்தவில்லை. நவராத்திரிக்குக் குழந்தைகளைப் பாட வைக்கும் பொறுப்பை மட்டும் வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு அக்காவுக்கு மிஞ்சியது வேலை ஒன்றுதான். அதில் முன்னைவிட அதிகமாகப் பாடுபட்டாள். மாண்டலே வரை போய் விற்றாள். புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆண் ஏஜெண்டுகளுக்கு அவள்தான் வேலை கற்றுக் கொடுத்தாள். அவர்களுக்குத் தன்னைவிடக் கூடுதல் சம்பளம், வெளியூர்ப் படியும் உண்டு என்று தெரிந்தபோது துரையின் அறைக்குப் போய் அதே சம்பளம் தனக்கும் வேண்டும் என்று கேட்டாள். துரை மரியாதையாகத்தான் பேசினாராம். அவர்கள் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய ஆண்பிள்ளைகள், உனக்குத் தகப்பனார் இருக்கிறார், நாளைக்குக் கல்யாணமும் ஆகிவிடும் என்றாராம். அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் அவள் படம் இருந்தது. அக்கா அதில் எழுதியிருந்ததைக் கைகாட்டி, அப்படியானால் இது என்ன என்று கேட்டாள்.

“அது விளம்பரம், மிஸ்,” என்றார் துரை.

அந்த மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் முகத்தின் மேலேயே புதுப் படங்களை ஒட்டினார்கள். அவை கல்கத்தாவில் கற்பனையாக வரைந்த படங்கள். யாருடைய முகமும் இல்லை, அதனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் இல்லை.

வேலை போனது, டின் வருவதும் நின்றது. பழக்கம் மட்டும் நிற்கவில்லை. கடையில் ஒன்றிரண்டாக வாங்கிவந்து கிணற்றடியில் நின்று பிடிப்பாள். அதுவும் முடியாத நாட்களில் சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுவாள். அமே தன் சுருட்டை நீட்டினால் வேண்டாம் என்பாள், நாற்றம் என்பாள். தான் ஊரெல்லாம் சொல்லி விற்ற வாசகத்தைத் தானே நம்பியிருந்தாள். வேறு ஆபீஸ்களில் வேலை கேட்டுப் போனால், உட்காரச் சொல்வதற்கு முன்பே, அந்தப் படத்துப் பெண்தானே என்று கேட்டார்கள். சில இடங்களில் வேறு எண்ணத்தோடு கேட்டார்கள். கடைசியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் ஆயா வேலை கிடைத்தது. இருமல் அதிகமானதும் அதுவும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் க்ஷயம் என்றார்கள். பால் குடி, காற்றோட்டமாக இரு என்றார்கள். புகை பிடிக்காதே என்று அந்தக் காலத்தில் எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஒருவர், பிடித்தால் கபம் இளகும் என்றுகூடச் சொன்னார். சிகரெட்டால்தான் அவளுக்கு நோய் வந்தது என்று நான் சொல்லமாட்டேன், எனக்குத் தெரியாது. அந்தத் தெருவில் அந்த மழைக்காலத்தில் எத்தனையோ பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

பெண்கள் வார்டில் நான் தினமும் சாயங்காலம் போய் அவள் பக்கத்தில் உட்காருவேன். ஒரு நாள் நான் கம்பெனியைத் திட்டினேன். உன்னை ஏமாற்றி, ஊர்வலத்தில் பொம்மை மாதிரி நிறுத்தி வைத்தார்கள் என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

“அந்த லாரியில நின்னப்ப நான் நெசமாவே சந்தோஷமா இருந்தேன் தங்கச்சி,” என்றாள். “அதப் பொய்யின்னு நீயும் சொல்லாத. என்னோட சந்தோஷத்த எடுத்து அவங்க வித்தாங்க. அது அவங்க செஞ்சது.”

பிறகு இருமல் வந்துவிட்டது. நான் எச்சில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா ஒரே ஒரு முறை வந்தார். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டியா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றாள். அவ்வளவுதான் அவர்கள் பேசியது. அவர் வெளியே வராந்தாவில் போய் நின்று, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் அவள் இறந்துபோனாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் சுடுகாட்டுக்கு வரும் வழக்கமில்லை என்று அப்பாவின் சொந்தக்காரர்கள் வாசலிலேயே தடுத்தார்கள். அமே குடையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். நானும் போனேன். விறகு நனைந்திருந்ததால் தீப் பிடிக்க வெகுநேரமாயிற்று. வெட்டியான் மண்ணெண்ணெய் வேண்டும் என்றான். அப்பாதான் போய் வாங்கி வந்தார். அமேயும் நானும் தகரக் கொட்டகைக்குக் கீழே, சிதை எரிந்து முடியும்வரை நின்றுகொண்டிருந்தோம்.